இன்னொக்கா

சிங்கப்பூர் நங்கை
கப்பலுக்கே பணம் கட்டுவதாக இருந்தாள்.
பதினோரு மாடி, மூணு நீச்சல் குளம்,
பாதி ராத்திரியிலும் தோசை கிடைக்குமாம்.
மாமாவின் பாஸ்போர்ட்டில்
அர்த்தநாரிக்கு ஓர் எழுத்து குறைந்துபோக
கடல் தள்ளிப் போனது.

ஆகவே நெரிஞ்சிப்பேட்டை.
ஒரு டெம்போ டிராவலர், பதிமூணு பேர்.
ஒண்ணே முக்கால் வயதில் ஒருவன்,
அவனுக்கு மட்டும் நாலு பை.

எங்களுக்கு முன்னால் படகில் ஏறியவை
இரண்டு பைக், ஒரு கேஸ் சிலிண்டர்,
கூடை நிறையக் கொய்யாவோடு ஓர் அக்கா.
மிதவைச் சட்டை கேட்டேன்.
"கொழந்தைக்கெல்லாம் சைஸ் வர்றதில்லீங்.
நீங்க போட்டுக்கிட்டு அவன உள்ள வெச்சுக்கங்."
மறுபடி உண்டானவள்போல
ஆரஞ்சு வயிற்றோடு உட்கார்ந்தேன்.
வயிற்றிலிருந்து ஒரு கை நீண்டு
கொய்யா கேட்டது.

மாமாவும் சின்ன மாமாவும்
ஒரே பலகையில் அமைந்தது யார் போட்ட திட்டமுமல்ல.
வேறு இடமில்லை.
தறிக் குடோன் பாகம் பிரிந்து ஒன்பது வருடம்.
ஒரே எழவு வீட்டில் எதிரெதிர்த் தூணில் சாய்வார்கள்,
ஒரே கல்யாணத்தில் வேறு வேறு பந்தி.
சட்டையிலிருந்து நழுவிய தஷ்வின்
நேரே போய் நடுவில் உட்கார்ந்தான்.

இஞ்சின் உறுமியதும் மாமா சொன்னார்:
"தஷ்வினு, அதா கதவணை. அதக் கட்டறப்ப
உன்ற சின்ன அப்பாரு லாரி ஓட்டுனாப்ல."
சின்ன மாமா தண்ணீரைப் பார்த்தபடி:
"லாரி இல்ல சாமி, டிராக்டர்.
உங்கப்பாருகிட்டச் சொல்லு."
அவன் இருவருக்கும் பொதுவாக
"பப்பூ" என்றான்.

நான் ஆற்றைப் பார்க்கவில்லை.
பால் பாட்டில் மூடியைத் தேடினேன்,
அத்தை ஊட்டிய முறுக்கை
அவன் கடைவாயிலிருந்து தோண்டினேன்,
நங்கை போனைத் தூக்கிய திசைக்கெல்லாம்
ஒரு கையால் அவன் இடுப்பையும்
இன்னொன்றால் என் சிரிப்பையும் பிடித்துக்கொண்டேன்.

பூலாம்பட்டி. பொரித்த மீன் வாசம்.
அவன் மட்டும் பலகையில் குப்புறப் படுத்து
அந்த வாரம்தான் கற்ற சொல்லை எடுத்தான்:
"இன்னொக்கா."
எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

மறுபடி நெரிஞ்சிப்பேட்டை.
மறுபடி பூலாம்பட்டி.
மீன் பொட்டலமாகப் படகேறியது.
கூடை காலியாகித் திரும்பிய அக்கா
"ஊடு போற எண்ணமில்லீங்களா?" என்றாள்.
அதற்குள்
மேற்குச் சுவர் விரிசல், கரண்ட் பில்,
அத்தையின் ஆரம் மீட்ட தேதி
எல்லாம் அவன் காது வழியே போய் வந்திருந்தன.
பிள்ளை தலையாட்டினான்.
ஓரிரு இடத்தில் கடித்தான்.

நாலாவது நடையில், நட்டாற்றில்,
தூது தூங்கிப்போனது.
தலை பெரியவர் மடியில், கால் சின்னவர் மடியில்.
எச்சிலோடு பாதிக் கொய்யா.
இஞ்சின் மட்டும் பேசியது.
பாலமலை தண்ணீரில் உடைந்து உடைந்து கூடியது.
ஒருவர் இந்தக் கரையைப் பார்த்தார்,
மற்றவர் அந்தக் கரையை.
மாமாவின் தொண்டையில் ஏதோ
ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"ஷூ கழலுது பாரு. புடிடா."

பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது.
மிதித்தால் மினுக்கும் சிவப்பு ஷூ.
யாரும் மிதிக்காமலே
மினுக்கி மினுக்கிக் காவிரியில் போனது.

"போச்சுங்ணா" என்றார் சின்ன மாமா.

அப்போதுதான் நான் ஆற்றைப் பார்த்தேன்,
ஷூ போன திசையில்.
இவ்வளவு அகலமா இது?

கட்டிப்பிடிக்கவில்லை. சாவி கைமாறவில்லை.
டெம்போவில் சின்ன மாமா பழையபடி
கடைசி சீட்டில்தான் ஏறினார்.
"அடுத்த வருசம் கப்பல்தான்" என்றாள் நங்கை.
யாரும் வாய் திறக்கவில்லை.
அம்மாபேட்டை தாண்டியபின்
முன் சீட்டிலிருந்து மாமா கேட்டார்:
"அதுல ஏறுனா
கரை வர எத்தன நாளாகும்?"